கூடு விட்டுக் கூடு பாயும் நிப்பு

பழைய பௌண்டன் பேனா ஒன்றேனும் இல்லாத படித்த குடும்பத்தை நம் நாட்டில் காண்பது அரிது. பீரோவின் மேல்தட்டில், உடைந்த மூக்குக் கண்ணாடி, ஜாதகக் கட்டு, செல்லாத காலணாக்கள் ஆகியவற்றுக்கு நடுவே அது சயனித்திருக்கும். தாத்தா தாலுக்கா கச்சேரியில் கையெழுத்துப் போட்ட பேனா என்றோ, பெரியப்பா பி. ஏ. பரீட்சை எழுதிய பேனா என்றோ வீட்டார் பெருமையோடு சொல்லுவார்கள். "இப்போது எழுதுமா?" என்று கேட்டுவிட்டால் மட்டும் பெருமை சற்றே குறையும். "நிப்பில் கொஞ்சம் கோளாறு. வேறு நிப்புப் போட்டால் எழுதும்" என்று பதில் வரும்.

"வேறு நிப்பு" என்பது இரண்டே சொல். ஆயினும் அந்த இரண்டு சொல்லால் பிழைத்த பேனாக்கள் எத்தனையோ, அத்தனைக்குக் குறையாமல் கெட்ட பேனாக்களும் இருக்கும் என்பது நமது அபிப்பிராயம். ஆகையால், பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் புறப்படும் முன், நேயர்கள் சற்று நேரம் நம்மோடு உட்கார்ந்து இந்த விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பேனா உலகத்தில் அந்த வித்தையைச் செய்வது நிப்பு. பேனாவின் உடல் எவ்வளவு அழகாயிருந்தாலும் எழுத்தின் குணம் நிப்பிலேதான் இருக்கிறது. கோடு மெல்லியதாய் விழுவதும் தடித்து விழுவதும், அழுத்தினால் விரிந்துகொடுப்பதும் இரும்புக் கடலைபோல் அசையாமல் நிற்பதும் எல்லாம் அந்தச் சிறு தகட்டின் லீலைகளே. ஒருவரிடம் உடல் வெடித்த பேனாவில் தெய்வீகமான நிப்பு ஒன்று இருக்கிறது. இன்னொரு பேனாவுக்கு மாசற்ற உடலும் மூளியான நிப்பும் வாய்த்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு இதை எடுத்து அதில் செருகிவிடலாமே என்ற ஆசை உண்டாவதில் வியப்பென்ன?

ஆனால் பொருத்தம் பார்க்காமல் முடித்த கலியாணத்தைப்போல் இதுவும் சங்கடத்தில் கொண்டுபோய் விடக்கூடும். அது ஏன் என்று தெரிந்துகொள்ளப் பேனாவின் வாய்க்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உயர்ந்த பேனாக்களின் நிப்பு பெரும்பாலும் 14 காரட் தங்கத்தால் ஆனது. அதாவது 24 பங்கில் 14 பங்கு பொன். மீதி வேறு உலோகக் கலப்பு. ஆடம்பரத்துக்காக மட்டும் பொன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அந்நாளைய மைகளில் புளிப்புச் சத்து அதிகம். சாதாரண எஃகு நிப்பை அவை அரித்துத் தின்றுவிடும். தங்கத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தங்கமோ மென்மையானது. காகிதத்தில் மைல் கணக்கில் நடந்தால் தேய்ந்துபோகும். ஆகையால் நுனியில் மட்டும் ஆஸ்மியம், இரிடியம் முதலிய மிகக் கடினமான உலோகங்களின் சிறு மணி ஒன்றை உருக்கிப் பற்றவைத்து, நடுவே பிளந்து, மெருகு கொடுத்தார்கள். நிப்பில் உயர்ந்த வேலை அந்த மணியிலேதான் இருக்கிறது.

நிப்பின் அடியில் கறுப்பாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். எபோனைட் என்ற கடின ரப்பரால் ஆனது. அதை நாம் நாக்கு என்று சொல்லுவோம். மை இறங்குவதற்கும், இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று மேலே ஏறுவதற்கும் அதில் நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. காற்று ஏறாவிட்டால் மை இறங்காது. காற்று அளவு மீறி ஏறினால் மை ஒரேயடியாகக் கொட்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான லூயிஸ் எட்ஸன் வாட்டர்மன். அவருடைய நாக்குக்கு 1884-ம் ஆண்டில் பேடண்டு கிடைத்தது. அதற்கு முன்பும் ஊற்றுப் பேனாக்கள் இருந்தன, சட்டைகளும் பாழாகிக்கொண்டிருந்தன.

நிப்பும் நாக்கும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, பேனாவின் கழுத்துத் துளைக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான பழைய பேனாக்களில் திருகாணியும் கிடையாது, பசையும் கிடையாது. இறுக்கம் ஒன்றுதான் பிடிமானம். நிப்பின் வளைவும் நாக்கின் வளைவும் கழுத்தின் துளையும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். நிப்புக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் மை நுனிவரை வராமல் பாதி வழியில் நின்றுவிடும். நாக்கு பருத்திருந்தால் கழுத்து வெடிக்கும். மெலிந்திருந்தால் எழுதிக்கொண்டிருக்கும்போதே நிப்பு சுழன்று பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஓர் ஆபத்து பாக்கி இருக்கிறது. அதைப் பலர் நினைப்பதே இல்லை. பழைய நிப்பைவிடப் புதிய நிப்பு நூலளவு நீளமாயிருந்தால், பேனாவை மூடும்போது நுனி மூடியின் உள்பக்கத்தில் முட்டிக்கொள்ளும். "டக்" என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். மறுபடி திறந்து பார்க்கிறபோது நிப்பு கொக்கி போட்டுக்கொண்டிருக்கும். ஒரு நல்ல நிப்பைக் கெடுப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. எனவே நிப்பை மாற்றியவர் எழுதிப் பார்ப்பதற்கு முன்பே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிப்பின் நீளத்தையும் மூடியின் உள் ஆழத்தையும் ஒரு குச்சியால் அளந்து பார்த்துவிட வேண்டும்.

இத்தனை தொல்லைகளையும் முன்கூட்டியே உணர்ந்து, "நிப்பை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று வாடிக்கைக்காரர் கையில் விட்டுவிட்ட ஒரு கம்பெனியும் உண்டு. அதன் கதை ரசமானது.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ரிச்சர்டு எஸ்டர்புரூக் என்பவர், 1858-ம் ஆண்டில் நியூ ஜெர்ஸி மாகாணத்துக் காம்டன் நகரில் எஃகு நிப்புத் தொழிலை ஏற்படுத்தினார். மைக்கூட்டில் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவின் நிப்புக்கள் அவை. இன்ன எண்ணுள்ள நிப்பு இன்ன வேலைக்கு என்று வாங்குகிறவர்கள் பழகியிருந்தார்கள். பிற்பாடு அந்தக் கம்பெனி ஊற்றுப் பேனாவில் இறங்கியபோது அந்தப் பழக்கத்தை விடவில்லை. நிப்பையும் நாக்கையும் ஒரே உறைக்குள் பொருத்தி, உறைக்கு மரை வெட்டி, விளக்கில் பல்பைத் திருகுவதுபோல் திருகிப் போடும்படி செய்தார்கள். இங்கே நிப்பு தனியாகக் கூடு பாய்வதில்லை. தன் நாக்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறது. பாதிப் பொருத்தம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது அல்லவா?

1940-களில் விற்ற எஸ்டர்புரூக் 'ஜே' வரிசைப் பேனா இன்றைக்கும் பழைய பேனாப் பிரியர்களுக்குச் செல்லப் பிள்ளை. கணக்குப் புஸ்தகம் எழுதுகிறவருக்கு 1550 என்ற மிக மெல்லிய நிப்பு. கிரெக் முறைச் சுருக்கெழுத்துக்காரருக்கு 1555. சாமான்ய எழுத்துக்கு 2668. அழுத்தினால் விரியும் எழுத்து வேண்டுமென்பவருக்கு 9128. கம்பெனிக் குமாஸ்தா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் 1550-ஐக் கழற்றிவிட்டு, மாமனாருக்குக் கடிதம் எழுத வேறொன்றைத் திருகிக்கொள்ளலாம். 9 என்ற இலக்கத்தில் தொடங்கும் நிப்புக்களின் நுனியில் கடின உலோக மணி உண்டு. 1-லும் 2-லும் தொடங்கும் மலிவு வகையில் எஃகின் நுனியையே மடித்து உருட்டியிருப்பார்கள். நாளடைவில் அது தேயும். தேய்ந்தால் என்ன? சொற்ப விலைக்கு இன்னொன்று.

இங்கிலாந்தில் காஸ்போர்ட் நகரத்து ஆஸ்மிராய்டு பேனாக்களின் நிப்புக்களும் இதே மரையில் பொருந்துகின்றன. அழகெழுத்துப் பயிலுகிறவர்கள் பட்டை நிப்புக்காக அவற்றைத் தேடிப் பிடித்து எஸ்டர்புரூக் உடலில் திருகிக்கொள்வார்கள். பழைய எஸ்டர்புரூக் கம்பெனி 1970-களின் தொடக்கத்தோடு மறைந்தது. அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு அண்மையில் பேனாச் செய்யத் தொடங்கியவர்கள், பழைய நிப்பைப் புதிய பேனாவில் பொருத்துவதற்கென்றே ஓர் இணைப்புத் துண்டு செய்து விற்றார்கள். செத்துப்போன கம்பெனியின் நிப்பு, பெயரைத் தத்தெடுத்த கம்பெனியின் பேனாவிலே எழுதுகிறது! கூடு பாய்வதில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜெர்மனியிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. பெலிக்கன் கம்பெனி 1929-ம் ஆண்டில், பின்புறத்தைத் திருகி மையை உறிஞ்சும் பேனாவை வெளியிட்டது. பின்னர் 1950-ல் வந்த பெலிக்கன் 400 என்ற பேனாவின் நிப்பும் நாக்கும் உறையோடு சேர்ந்து திருகிக் கழல்பவை. அதே அளவு மரையை அந்தக் கம்பெனி இன்றளவும் மாற்றவில்லை. ஆகையால் எழுபது வருஷத்துக்கு முந்திய நிப்பு இப்போது கடையில் வாங்கும் எம் 200, எம் 400 பேனாக்களில் சிரமமின்றி ஏறுகிறது. பழைய உறைகள் மட்டும் வயதாகி உலர்ந்திருக்கும். முரட்டுத்தனமாய்த் திருகினால் விரிசல் விடும். முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்துவிட்டு மறுநாள் கைவைப்பது உத்தமம்.

இவை மாற்றுவதற்கென்றே பிறந்தவை. இனி, மாற்றினால் கோபித்துக்கொள்ளும் பேனாக்களைப் பார்ப்போம். இங்கேதான் பணமும் பாசமும் நஷ்டமாகின்றன.

வாட்டர்மன் பேனா ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். 52 என்றோ 55 என்றோ ஓர் எண் தெரியலாம். கடைசி இலக்கம் நிப்பின் அளவு. முன்னால் உள்ள 5 பக்கத்தில் நெம்புகோல் வைத்து மை நிரப்பும் வகையைக் குறிப்பது. ஆக 52 என்றால் 2-ம் நம்பர் நிப்பு. 55 என்றால் 5-ம் நம்பர் நிப்பு. நிப்பின் மேலும் அந்த எண் பொறித்திருக்கும். உடலில் 55 என்றும் நிப்பில் 2 என்றும் கண்டால், நடுவிலே யாரோ புகுந்து வேலை செய்திருக்கிறார் என்று அறியலாம். ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 5-க்குச் சமானமென்று நம்பிவிடவும் கூடாது. அந்நாளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி எண் போட்டுக்கொண்டது.

அதே வாட்டர்மன் 1927-ல் '7' என்ற பேனாவைக் கொண்டுவந்தபோது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நிப்பின் குணத்தை நிறத்தால் தெரிவித்தார்கள். மூடியில் நிறப் பட்டை; நிப்பின்மேல் அந்த நிறத்தின் பெயர். சிவப்பு என்றால் சாமான்யமானது. பச்சை என்றால் விறைப்பானது. ரோஜா நிறம் மெல்லியதாய் வளைந்துகொடுப்பது. ஊதா மெல்லியதாய் விறைத்து நிற்பது. கடைக்காரர் மூடியைத் திறக்காமலே நிப்பின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட பேனாவில் ரோஜாவை எடுத்துவிட்டுப் பச்சையை வைத்தால், அது நன்றாகவே எழுதக்கூடும்; ஆனால் அன்று முதல் மூடி பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஷீபர் கம்பெனியின் 'லைப்டைம்' நிப்பு 1920-ல் வந்தது. வாங்கியவருடைய ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். கனத்த தங்கத் தகடு. அதன்மேல் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். அந்த உத்தரவாதம் உள்ள பேனாவுக்கு அடையாளமாக 1924 முதல் ஒரு வெள்ளைப் பொட்டு இட்டார்கள். வெள்ளைப் பொட்டுள்ள பேனாவில், கீழ் வரிசையைச் சேர்ந்த 3 என்று பொறித்த நிப்பு அமர்ந்திருப்பதைக் காண்கையில் நமக்குக் கொஞ்சம் வருத்தந்தான் உண்டாகிறது. திலகம் ஒருத்திக்கு, தாலி வேறொருத்திக்கு என்பதுபோல் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் தங்கத்தைப் பேனாவுக்குச் செலவழிக்கக் கட்டுப்பாடு ஏற்பட்டது. பெலிக்கன் கம்பெனி பொன் நிப்புக்குப் பதிலாகக் குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகு நிப்பை வைத்து, 'சி. என்.' என்று முத்திரை இட்டது. அப்படிப்பட்ட பேனா இன்று ஒருவர் கைக்கு வந்தால் அவர் என்ன நினைக்கிறார்? "அட, வெள்ளை நிப்பு! எவனோ தங்க நிப்பைத் திருடிக்கொண்டு இதை வைத்துவிட்டான்" என்று நினைத்து, வேறோர் உடைந்த பேனாவிலிருந்து பொன் நிப்பை எடுத்து வைத்துத் திருப்தி அடைகிறார். அந்த வெள்ளை நிப்புத்தான் பேனாவோடு கூடப் பிறந்தது. யுத்த காலத்தின் பஞ்சத்தை மௌனமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்த பிறகு பேனா பளபளக்கிறது, சொல்லுவதற்கு ஒன்றுமில்லை.

சில பேனாக்களோ மாற்றும் ஆசையையே கிள்ளி எறிந்துவிடுகின்றன. பார்க்கர் 51 என்ற பேனாவைப் பார்த்திருப்பீர்கள். 1888-ல் தொடங்கிய பார்க்கர் கம்பெனியின் 51-ம் ஆண்டு நினைவாக அந்தப் பெயர். சந்தைக்கு வந்தது 1941-ல். நம் நாட்டு வக்கீல்களும் டாக்டர்களும் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொள்வதைத் தனி அந்தஸ்தாகக் கருதிய காலம் உண்டு. அதில் நிப்பின் மூக்கு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. மேலே முக்காடு. முக்காட்டுக்குள் சிறு குழாய் வடிவான நிப்பு; அதைச் சுற்றி மையைத் தேக்கிவைக்கும் நுண்ணிய தட்டுக்கள். முக்காட்டை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். இதமான சூட்டில் அரக்கை இளக்கிக் கழற்ற வேண்டும்; திரும்பப் பூட்டும்போது நிப்பின் பிளவு முக்காட்டின் கூர்முனைக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். ஒரு 51-ன் நிப்பை இன்னொரு 51-ல் வைக்கலாம். வேறு பேனாவில் வைக்க வழியே இல்லை. 1959-ல் வந்த ஷீபர் 'பி. எப். எம்.' பேனாவில் நிப்பைக் கழுத்தின் உடம்பிலேயே பதித்துவிட்டார்கள். அங்கே நிப்பை மாற்றுவதென்றால் கழுத்தையே மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நேயர் ஒருவர் கேட்கலாம்: "எங்கள் வீட்டுப் பேனாவுக்கு என்னதான் செய்வது?"

முதலாவது, அதைக் கழுவுங்கள். எழுதாத பழைய பேனாக்களில் பல, நிப்புக் கெட்டதனால் எழுதாமல் இருப்பதில்லை. வருஷக்கணக்கில் உலர்ந்த மை நாக்கின் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே உள்ள ரப்பர்ப் பை அப்பளம்போல் நொறுங்கியிருக்கிறது. பச்சைத் தண்ணீரில் நிப்புப் பக்கத்தை மட்டும் ஓரிரவு ஊறவைத்து, மை கரைந்து வருவதைப் பாருங்கள். பையைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அப்புறமும் எழுதாவிட்டால், நிப்பின் இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருந்தால் காகிதத்தைக் கீறும். அதை நிமிர்த்தக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். நுனி மணி உதிர்ந்துபோயிருந்தாலும், தங்கம் விரிசல் விட்டிருந்தாலும் மட்டுமே வேறு நிப்பைப் பற்றிப் பேசுவது நியாயம்.

இரண்டு எச்சரிக்கைகள். கறுப்பு எபோனைட் பேனாவை வெந்நீரில் போடாதீர்கள். கறுப்பு மங்கி, பாசி பிடித்ததுபோல் பழுப்பும் பச்சையுமாகிவிடும். வர்ண வர்ணமான பழைய பேனாக்களில் பல செல்லுலாய்டு ஆனவை. அது சுலபத்தில் தீப்பிடிக்கும் வஸ்து. கழுத்து இறுகிவிட்டதென்று மெழுகுவத்தியில் காட்டி இளக்கப் போகிறவர்கள், பேனாவோடு மீசையையும் இழக்க நேரிடலாம்.

இறுகிய நிப்பைக் குறட்டால் பிடித்து இழுக்கும் வழக்கமும் இருக்கிறது. நிப்பின்மேல் இரண்டு பக்கமும் பல்லின் தடம் விழுந்திருப்பதைக் கண்டால் அதுதான் காரணம். கழுத்தைத் தனியே கழற்றி, ரப்பர்ப் பையை எடுத்துவிட்டு, துளையுள்ள கட்டையின்மேல் அதை நிறுத்தி, பின்புறத்திலிருந்து மெல்லிய கம்பியால் தட்டி நாக்கையும் நிப்பையும் சேர்த்து வெளியேற்றுவதே முறை. திரும்ப வைக்கையில் நாக்கும் நிப்பும் ஒட்டாமல் நின்றால், நாக்கைச் சில விநாடி வெந்நீரில் காட்டி, எபோனைட் இளகியதும் நிப்போடு அழுத்திப் படியவைப்பார்கள். தொழில் தெரிந்தவர் செய்யும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் தோன்றும் வேலை அது.

கடையில் விட்டு வரும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய நிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதைக் கேட்காததனால் எத்தனையோ தாத்தாக்களின் பொன் நிப்புக்கள் தட்டான் உலைக்குப் போய்ச் சேர்ந்தன. சாதாரண அளவுள்ள நிப்பிலே இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான பொன். அதற்காக, நாற்பது வருஷம் ஒரே கையில் ஒரே சாய்வில் நடந்து, அந்தக் கைக்கென்றே தேய்ந்து வழுவழுப்பான நுனியை உருக்கிவிடுகிறோம். கடினமான மணிகூட அத்தனை நாளில் சிறிது தேயத்தான் செய்யும். பேனாவை எந்தக் கோணத்தில் சாய்த்து எழுதினார் என்பதை, எழுதியவர் போன பிறகும் அந்தத் தேய்மானம் காட்டிக்கொண்டிருக்கிறது. மூளியான நிப்பாயிருந்தாலும் சரி, ஒரு காகிதத்தில் மடித்து, இன்ன பேனாவினுடையது, இன்ன வருஷம் எடுத்தது என்று எழுதி அந்தப் பேனாவோடேயே வைத்துவிடலாம். விற்கிறவர்களும் வாங்குகிறவரிடம் "நிப்பு மாற்றியது" என்று சொல்லிவிட்டால் போதும். பேனாக்களைப் படம் பிடித்து உலகெங்கும் விற்கும் இந்தக் காலத்தில், அந்த இரண்டு சொல்லைச் சொல்லாமல் விடுவதனால் வாங்குகிறவர் ஏமாந்துபோகிறார்.

நம் எழுத்துக்கென்று ஒரு தேவையும் இருக்கிறது. மேனாட்டார் புகழும் பட்டை நிப்பிலும், விரிந்துகொடுக்கும் நிப்பிலும் ஆங்கிலக் கையெழுத்து நர்த்தனம் ஆடுகிறது. அதே நிப்பால் ஒரு போஸ்டு கார்டில் தமிழ் எழுதிப் பாருங்கள். ணகரத்தின் சுழிகள் கண்ணை மூடிக்கொள்கின்றன, ஞகரம் மைப்பொட்டாகிறது, ஐகாரத்தை ஊகித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பழைய பேனாவைத் தமிழுக்குப் பயன்படுத்த விரும்புகிறவர் மெல்லிய நிப்பைத் தேடுவது வெறும் சபலமல்ல. எஸ்டர்புரூக் போன்ற பேனாவில் 1550-ஐத் திருகிக்கொண்டால் கார்டிலே இருபது வரி தாராளமாய் எழுதலாம்.

நிப்பைப் பற்றிய கவலை நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் 1932-ல் சுதேசிப் பேனாத் தொழிலை ஆரம்பித்தார். கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய தஞ்சாவூர்க்காரரான ஜே. ஸி. குமரப்பாவின் மூலம் அவருடைய பேனா காந்திஜியிடம் சேர்ந்தது. தாம் அதை உபயோகித்துப் பார்த்ததாகவும், கடைத்தெருவில் காணும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் 1935 ஜூலையில் காந்திஜி அவருக்குக் கடிதம் எழுதினார். பேனாவின் உடலைக் கடைந்தெடுக்க ஒரு கடைசல் பட்டறையும் நல்ல கையும் போதும். நிப்பு அப்படியல்ல. தகடு வெட்டி, வளைத்து, மணி பற்றவைத்து, மயிரிழைப் பிளவு அறுப்பதற்கு யந்திரமும் பயிற்சியும் வேண்டும்.

காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர்போன நம் சாத்தூர் இந்தச் சோதனையில் தேறிய ஊர். அங்கே எஃகு நிப்புச் செய்வது ஒரு காலத்தில் பல குடும்பங்களின் ஜீவனமாயிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஊன்றி ஊன்றி எழுதி உடைத்த நிப்புக்களுக்குப் பதில் புது நிப்புக்களை அந்த ஊர் அனுப்பிக்கொண்டே இருந்தது. பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலை நலியச் செய்துவிட்டது. வடக்கே கான்பூரில் நிப்புச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

திருவள்ளூரில் இன்றும் எபோனைட் கம்பியைக் கையால் கடைந்து அருமையான பேனாக்கள் செய்கிறார்கள். கடல் கடந்தும் அவற்றை வாங்குகிறார்கள். அந்தப் பேனாக்கள் பலவற்றில் பாக், யோவோ என்னும் ஜெர்மன் கம்பெனிகளின் நிப்புக்கள் பொருத்தப்படுகின்றன. அவை 5, 6 என்ற பொது அளவுகளில், உறையோடு திருகிப் போடும் வகையாக வருவதால், நிப்பு மாற்றுவது மறுபடியும் எஸ்டர்புரூக் நாளையப்போல் சுலபமாகிவிட்டது.

கையால் கடைவதில் ஒரு சௌகரியம் உண்டு. உடல் வெடித்துப்போன பழைய பேனாவின் நிப்பு நன்றாயிருந்தால், அதற்குத் தகுந்தாற்போல் கழுத்தின் துளையைக் கடையச் சொல்லலாம். நிப்புக்கு அளவெடுத்துப் பேனாத் தைப்பது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்படிச் செய்ய எண்ணுகிறவர்கள் நிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அதன் நாக்கையும் பழைய மூடியையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். நாக்கைப் பார்த்துத்தான் துளையின் அகலம் தெரியும். மூடியைப் பார்த்துத்தான் நிப்பு எவ்வளவு வெளியே நீளலாம் என்று அவர் அளவு எடுப்பார்.